அக்காவுக்கு ஆபரேஷன், தம்பியின் கார்டு செல்லாது

"இது உங்க கார்டுங்க. இதுல அக்கா பேரு இல்லைங்களே."

காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. கூடப் பிறந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். என் கார்டு இருக்கும்போது என்ன கவலை என்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தேன். மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அட்மிஷன் போடாமலே திரும்பினோம்.

அது கவுண்டரின் தப்பு இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 'குடும்பம்' என்றால் தகுதியுள்ள நபர், அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். அவ்வளவுதான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாருமே அந்தப் பட்டியலில் கிடையாது. கல்யாணமாகிப் போன அக்காவுக்குக் காப்பீடு அவர் வீட்டுக்காரரின் குடும்பத்தில்தான் வரும். எனவே கூடப் பிறந்தவர்களுக்காக ஓடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "உன் பேர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது?" என்பதைத்தான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போனதில் எங்களுக்கு ஒரு வாரம் போனது.

ஒரே ரேஷன் கார்டில் அண்ணனும் தங்கையும் இருக்கும் வீடுகளும் உண்டு. குடும்பத் தலைவர் அப்பாவோ அம்மாவோ என்றால் தங்கை 'பிள்ளை' என்ற கணக்கில் வருவார். அண்ணனே தலைவர் என்றால் விதியின் வாசகப்படி தங்கைக்கு இடமில்லை. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட அக்கா தங்கைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நோய் நொடி வரும்வரை காத்திராமல் இப்போதே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு என்ன வழி என்று காப்பீட்டு மையத்தில் கேட்டுவிடுங்கள்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு வந்தது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் 'உங்களுக்கு வராது' என்று கேட்டுத் திரும்பியவர்கள் அதே நினைப்பிலேயே இருக்க வேண்டாம், இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

மாமாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. ரேஷன் கார்டு இருந்தது, காப்பீட்டு அட்டை எடுக்கவே இல்லை. "நமக்கு எதுக்குப்பா, நல்லாத்தானே இருக்கோம்" என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார். ஊர் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவும் மாமாவும் இறங்கினார்கள். பதிவு மையம் கலெக்டர் ஆபீஸில். சேலத்தில் ஒரு வசதி, கலெக்டர் ஆபீஸும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நடக்கும் தூரம்தான். எல்லாவற்றிலும் நான்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் 'லட்சுமி', ஆதாரில் 'லக்ஷ்மி' என்ற மாதிரி எழுத்து மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அலைச்சலில் பாதி இதற்குத்தான்.

அட்டை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன், அதுவும் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளோடு பல தனியார் மருத்துவமனைகளும் பட்டியலில் உண்டு. ஆனால் ஒரு மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதால் எல்லா நோய்க்கும் அங்கே காப்பீட்டில் பார்ப்பார்கள் என்று அர்த்தமில்லை. "புற்றுநோய் ஆபரேஷன் இங்கே காப்பீட்டில் செய்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அப்புறம், ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனை பயாப்ஸி, ஸ்கேன் முடிவுகளை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். அது வந்த பிறகுதான் தேதி. கீமோவும் கதிர்வீச்சும் இதே திட்டத்தில் வரும், ஆனால் ஆபரேஷனுக்கு வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது, தனியாக வாங்குவார்கள்.

காசை முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம், நீங்கள் கட்டியதைத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை. அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லலாம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சம்மதப் படிவத்தை நர்ஸ் நீட்டியதும் மாமா என் கையில் கொடுத்தார். நான் அக்காவிடம் கொடுத்தேன். அதுதான் சரியும்கூட. சுய நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம், கூட இருப்பவர் அவருக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2008இல் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கம் பெண்களிடம் நோயின் பெயரையே சொல்லாமல் மறைத்து ஆபரேஷன் வரை கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கா படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, "ஒரு பக்கம் முழுசா எடுத்துருவாங்களா?" என்று டாக்டரிடமே கேட்டாள். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டாள்.

காப்பீட்டுக் கணக்கில் தம்பி குடும்பத்தில் சேர மாட்டான். ஆனால் ரயில்வேக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போக வேண்டி வந்தால், புற்றுநோயாளியோடு துணைக்குப் போகும் ஒருவருக்கும் சலுகை உண்டு, அது யாராக இருந்தாலும் சரி. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு 75 சதவீதம். மருத்துவமனை அதற்கான படிவத்தில் சான்று எழுதித் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு ஜங்ஷன் கவுண்டருக்கு நேரில் போய் டிக்கெட் எடுங்கள்.

வருமான வரியிலும் கூடப் பிறந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. 80டிடிபி என்று ஆடிட்டர்கள் சொல்லிப் பழகிய சலுகை அது. உங்களைச் சார்ந்து வாழும் சகோதரன் அல்லது சகோதரியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நீங்கள் செலவழித்ததில் 40,000 ரூபாய் வரை, நோயாளிக்கு 60 வயது நிறைந்திருந்தால் 1 லட்சம் வரை, உங்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புற்றுநோய் சிறப்பு மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும். காப்பீட்டில் வந்த பணத்தைக் கழித்துத்தான் கணக்கு. எங்கள் வீட்டில் இது யாருக்கும் பயன்படவில்லை. வரி கட்டும் அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை, அக்காவும் என்னைச் சார்ந்தவள் இல்லை.

நோயாளியே மில்லிலோ கடையிலோ இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ள வேலையில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை ஒரு பக்கம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும். உங்கள் இஎஸ்ஐயில் அக்காவைச் சேர்க்க முடியுமா என்றால் முடியாது. நீங்கள் கல்யாணமாகாதவராக இருந்து, பெற்றோரும் இல்லாமல், 18 வயதுக்குட்பட்ட தம்பி தங்கை உங்களை மட்டுமே நம்பி இருந்தால்தான் அவர்களுக்கு அதில் இடம்.

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபோது அக்காவின் அக்குள் பக்கத்திலிருந்து ஒரு குழாயும் அதன் முனையில் நீர் வடியும் பையும் தொங்கின. அதோடு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏற முடியாது. அம்மாப்பேட்டையில் என் வீட்டிலேயே தங்க வைத்தோம். பையை வைக்க என் மனைவி பழைய சேலையில் ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்தாள், அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டே காபி போட்டாள். தினம் காலை அதே நேரத்துக்கு எத்தனை மில்லி வடிந்தது என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். வடிவது குறைந்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசியோ பிபியோ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வேறு எங்கே ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் நாங்களே இதை முதலில் சொல்லிவிடுவோம்.

அக்கா ஏற்காட்டுக்குத் திரும்பிய பிறகு யார் பார்ப்பது என்ற கவலை இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. தானாக வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். மாமா போய்ப் பதிந்து வந்தார். வந்த பிசியோதெரபிஸ்ட், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். முதல் கோடு ஸ்விட்ச் போர்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.