தண்ணீரின் தரத்தைச் சொல்லும் கண்ணாடிப் பாசிகள்

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பாசி படர்ந்து நாற்றமடிக்கிறது என்ற செய்தி சில ஆண்டுகளாகவே வந்துகொண்டிருக்கிறது. அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் தரம் தெரிந்துவிடுமே, பாசியை எதற்கு ஆராய வேண்டும்?"

பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்து நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருந்தால், காலையில் எடுக்கும் சாம்பிளில் ஒன்றும் அகப்படாது. கரைக்கல்லில் ஒட்டி வளரும் பாசியோ வாரக்கணக்கில் அதே தண்ணீரில்தான் கிடக்கிறது. கழிவைத் தாங்கும் இனங்கள் பெருகும், தாங்காதவை மறையும். 1908-லேயே கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரு ஜெர்மானியர்கள் இந்த அடிப்படையில் நீர்நிலைகளைத் தரம் பிரித்தார்கள். 1969-ல் அமெரிக்கரான பாமர், கழிவு தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) மதிப்பெண் கொடுத்தார். யூக்ளினாவுக்கும் ஆசிலடோரியாவுக்கும் தலா 5. ஒரு நீர்நிலையில் அகப்படும் பேரினங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, மொத்தம் 20-ஐத் தொட்டால் கரிமக் கழிவு அதிகம் என்று பொருள். இந்திய ஏரிகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் ஒரே பேரினத்துக்குள் கழிவை விரும்பும் இனமும் வெறுக்கும் இனமும் இருக்கும் என்பதால், இது கொஞ்சம் முரட்டுக் கணக்கு.

நுட்பமான கணக்குக்கு டயாட்டம்களிடம்தான் போக வேண்டும். ஏரிக்கரைக் கல்லைத் தொட்டால் வழவழவென்று பழுப்பாக ஒட்டுமே, அதில் பெரும்பகுதி இவைதான். ஒரு செல் பாசி, ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கிறது. ஓடு சோப்பு டப்பா மாதிரி இரண்டு பாதி. மேல்பாதி கீழ்ப்பாதியைக் கவ்வியிருக்கும். செல் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, அதையே மேல்மூடியாக வைத்து உள்ளே புதுப் பாதி செய்துகொள்கின்றன. அதனால் கீழ்ப்பாதி கிடைத்த வாரிசு சற்றே சிறுத்துப் பிறக்கும். தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பாலினப்பெருக்கம் செய்து, பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

ஆய்வுக்கு எடுக்கும் முறை எளிது. கல்லை டூத்பிரஷால் தேய்த்து, வந்த பழுப்பை ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்க வைத்தால் உயிர்ப்பொருள் எல்லாம் போய்க் கண்ணாடி மட்டும் மிஞ்சும். தண்ணீருக்குள் அந்த ஓட்டின் நுணுக்கம் சரியாகத் தெரியாது; அதனால் ஒளிவிலகல் எண் அதிகமுள்ள பிசினில் பதித்து, 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அப்போது தெரியும் கோடுகள்தான் இனத்தின் அடையாளம். நிட்சியா பாலியா என்ற டயாட்டம் மண்டியிருந்தால் சாக்கடை கலக்கிறது. யூனோஷியா இனங்கள் நிறைந்திருந்தால் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. சில நூறு ஓடுகளை எண்ணி, ஒவ்வோர் இனத்துக்கும் உகந்த நிலையைச் சேர்த்துக் கணக்கிட்டால் தண்ணீரின் பி.எச். மதிப்பையே (7-க்குக் கீழே குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஊகித்துவிடலாம்.

கண்ணாடி மட்காது என்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். செத்த டயாட்டம்களின் ஓடுகள் ஏரியின் அடிச்சேற்றில் வருடாவருடம் அடுக்கடுக்காகப் படிகின்றன. ஸ்காட்லாந்தில் மலை ஏரிகள் அமிலமாகிப்போனதற்கு மரத்தோட்டங்களைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. ரோஜர் ஃபிளவர், ரிச்சர்ட் பாட்டர்பீ என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் என்ற ஏரியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தின் சிதைவை வைத்து அடுக்குகளுக்கு வயது கண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அமிலம் விரும்பும் டயாட்டம்கள் கூடிவந்திருந்தன. பி.எச். 5.5-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 5-க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த ஏரியைச் சுற்றி மரத்தோட்டமே கிடையாது. நிலக்கரிப் புகையால் வந்த அமில மழைதான் காரணம் என்பதற்கு இது வலுவான சான்றானது.

ஐரோப்பிய ஒன்றியம் 2000-ல் கொண்டுவந்த நீர்ச் சட்டப்படி, பாசிகளையும் பார்த்துத்தான் ஏரியின் தரத்தை மதிப்பிட வேண்டும். நம் ஊரிலோ, பாசி பெருகினால் எதையாவது தெளித்து நாற்றத்தை அடக்குவதற்குத்தான் பணம் முதலில் ஒதுக்கப்படுகிறது. எந்தப் பாசி, எதனால் பெருகியது என்று சொல்ல இனமறிந்த ஆள் வேண்டும். எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில் இருந்துகொண்டுதான் இந்தியப் பாசியியலுக்கே அடித்தளம் போட்டார். அவர் மாணவர் தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் வெளியிட்ட நூலை உலகமே பயன்படுத்தியது. அப்படிப்பட்ட ஊரில், உயிர்களை இனம் பிரித்து அறியும் வகைப்பாட்டியலைப் பழங்காலப் படிப்பு என்று ஒதுக்கிவைப்பது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் வற்றும்போதும் வெளியே தெரியாத ஆழமான இடங்களில் அன்றிலிருந்து சேறு படிந்துவருகிறது. அங்கே ஒரு குழாய் இறக்கினால், தண்ணீரில் உரச்சத்து எந்தப் பத்தாண்டில் ஏறத் தொடங்கியது என்பதை டயாட்டம்களிடமே கேட்டுவிடலாம். அது தெரிந்தால், வயல் உரத்தைக் கட்டுப்படுத்துவதா, ஊர்ச் சாக்கடையைத் தடுப்பதா என்ற பேச்சை ஆதாரத்தோடு தொடங்க முடியும்.