வலி நின்ற பிறகு வீங்கும் கன்னம்

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள என் பல் சிகிச்சையகத்தின் ஷட்டரை இறக்க இரவு ஒன்பதரை மணியாகிவிடும். அதற்குப் பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் ஒரே கேள்விதான்: "டாக்டர், இப்பவே வரணுமா, காலையில வந்தா போதுமா?" கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆனால், அதற்கான விடையை நம் மக்கள் வலியின் அளவை வைத்தே முடிவு செய்துகொள்கிறார்கள். விண் விண்ணென்று தெறித்தால் நள்ளிரவிலும் கதவைத் தட்டுவார்கள். வலி அடங்கிவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று இருந்துவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளில் என்னை உண்மையிலேயே பதற வைத்த நோயாளிகளில் பலர், வலி குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தவர்கள்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர், ஒரு சனிக்கிழமை மாலை மனைவியுடன் வந்தார். கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஐந்து நாட்களுக்கு முன் கடுமையான வலி இருந்திருக்கிறது. மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையில் அது அடங்கியதும் இரண்டு நாள் வேலைக்கும் போயிருக்கிறார். அன்று காலையிலிருந்து தாடைக்குக் கீழே வீக்கம். அவர் பேசியது, வாயில் சுடச்சுடப் பொங்கலை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறலாக இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையால் அடிக்கடி துடைத்துக்கொண்டார். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தாடைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். தசை மெத்தென்று இல்லாமல் பலகையைத் தொடுவது போல இறுகியிருந்தது. "சாய்ஞ்சு படுத்தா மூச்சு அடைக்குதுன்னு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு டாக்டர்" என்றார் மனைவி. நாற்காலியில் சாய்த்துப் பல்லைப் பார்க்கும் வேலையை அதோடு நிறுத்திவிட்டேன். நேராக உட்கார்ந்த நிலையிலேயே அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்கே தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் அகற்றினார்கள். தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அங்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவருக்குத் தெரிய வந்தது.

வலி ஏன் நின்றது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். சொத்தை ஆழமாகிக் கிருமி உள்ளே இறங்கும்போது, பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான பகுதி வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான பல்லின் சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி அழுத்தம் ஏறுகிறது; அந்தத் தெறிக்கும் வலிக்குக் காரணம் அதுதான். சில நாட்களில் அந்த நரம்பு செத்துவிட்டாலோ, தேங்கிய சீழ் எலும்பைத் துளைத்து வெளியேற வழி கண்டுவிட்டாலோ அழுத்தம் குறைந்து வலி அடங்குகிறது. நோயாளிக்கு அது குணமானது போலத் தோன்றும். உண்மையில் கிருமி வீட்டை விட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறது. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள், வாயின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசைக்கும் கீழே அமைந்திருப்பதால், அங்கிருந்து கிளம்பும் சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கக்கூடும். வீக்கம் இரு பக்கமும் பரவினால் நாக்கை மேலும் பின்னும் தள்ளி மூச்சுக் குழலின் வாயை அடைக்கும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836ஆம் ஆண்டிலேயே விவரித்து வைத்த நிலை இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் காலத்திலும் உயிரைப் பறிக்கக்கூடியது.

ஆகவே, தொலைபேசியில் நான் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. எச்சிலை விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பிறகு, தம் கைவிரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பார்க்கச் சொல்வேன். சாதாரணமாகப் பெரியவர் ஒருவருக்கு மூன்று விரல்கள் நுழையும். இரண்டு நுழைந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒன்றுதான் நுழைகிறது என்றால், வீக்கம் வெளியே பெரிதாகத் தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவர் பார்த்தாக வேண்டும். விழுங்குவதிலோ மூச்சிலோ சிரமம் இருந்தால் பல் மருத்துவரைத் தேடி அலையாமல் 108ஐ அழைத்து, இரவு பகலாக அவசரப் பிரிவு இயங்கும் பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். எங்கள் பகுதியினருக்கு ஸ்டான்லி பக்கம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் தொலைவில்லை. என்னைப் போன்றோரின் சிறு சிகிச்சையகங்களில் மூச்சுக்குழலைக் காக்கும் வசதி கிடையாது.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. தொண்டையார்பேட்டை ஆயா ஒருவர், இந்தப் பயத்திலேயே சீழ் பிடித்த கோரைப்பல்லை ஓராண்டு காலம் வைத்திருந்தார். பல்லைப் பிடுங்குவதால் கண்ணுக்கு எந்தக் கேடும் வராது. பிடுங்காமல் விட்ட சீழ்தான் கண்ணை நோக்கி ஏறும். மேல் முன்வரிசைப் பல்லிலிருந்து தொடங்கிய வீக்கம் மூக்கோரத்தைத் தாண்டிக் கண் இமையை மூடச் செய்தால், அதையும் அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரமாகவே கொள்ள வேண்டும்; அரிதாக அந்தத் தொற்று மூளையை ஒட்டிய ரத்தநாளங்கள் வரை போய்விடும்.

மருந்துக்கடையில் நாலு மாத்திரைகளைச் சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுக்கும் 'செட்' பற்றி எனக்கு நீண்ட நாள் மனக்குறை உண்டு. அதில் வலி மாத்திரையும் அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு வீக்கத்தை இரண்டு நாள் மறைத்து, சர்க்கரையை ஏற்றி, கிருமிக்கு அவகாசம் கொடுக்கிறது. ஆன்டிபயாடிக் தனியாக எந்தச் சொத்தைப் பல்லையும் குணமாக்காது. சீழுக்கு வழிவிட வேண்டும், வேர் சிகிச்சை செய்ய வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். ஆஸ்பிரினை நுணுக்கி ஈறில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களும், வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வீக்கத்தை வளர்த்துக்கொண்டு வருபவர்களும் மாதம் ஒருவராவது உண்டு. ஒத்தடம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெளிப்பக்கமாகக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள்.

அடிபட்டு முழுதாக விழுந்த பல்லுக்கு வலியை விடக் கடிகாரம்தான் முக்கியம். வியாசர்பாடியில் கால்பந்து ஆடாத சிறுவர்கள் குறைவு. முழங்கை பட்டு முன்பல் வேரோடு கழன்று வருவது எங்களுக்குப் பழகிய காட்சி. ஒரு பையனின் பல்லை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, மூன்று மணி நேரம் கழித்து, சுண்ணாம்புத் துண்டு போல உலர்ந்த நிலையில் கொண்டுவந்தார்கள். இன்னொரு பையனின் பல்லை, அவன் அக்கா ஆவின் பால் பாக்கெட்டைக் கத்தரித்து அதற்குள் போட்டு, ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். அந்தப் பல்லைப் பொருத்திக் கம்பி கட்டினோம். பிறகு வேர் சிகிச்சையும் செய்து, இன்றும் அது அவன் வாயில் இருக்கிறது. வேரின் மேல் ஒட்டியிருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் மீண்டும் ஒட்டும். ஆகவே வேரைத் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் சில நொடிகள் ஓடும் நீரில் காட்டலாம்; தேய்க்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே குழிக்குள் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் வாருங்கள். டீக்கடை அடுப்பில் கொதிக்கும் பால் உதவாது. விழுந்தது பால்பல் என்றால் திரும்பச் செருகவே கூடாது. உள்ளே முளைத்துவரும் நிரந்தரப் பல் கெடும்.

பல் எடுத்த அன்று எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. சுத்தமான துணியைச் சுருட்டிக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அசையாமல் கடித்த பிறகும் வாய் நிறைய ரத்தம் ஊறினால் அன்றிரவே காட்ட வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

பல்லே காரணமில்லாத ஓர் அவசரமும் உண்டு. திருவொற்றியூர்ப் பெரியவர் ஒருவர் இடப்பக்கக் கீழ்ப்பல்லைப் பிடுங்கச் சொல்லி வந்தார். தட்டிப் பார்த்தால் எந்தப் பல்லிலும் வலியில்லை. ரயில் நிலைய மேம்பாலப் படி ஏறும்போதெல்லாம் தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்றார். பல்லைத் தொடாமல் நேரே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். தாடை வலியோடு வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அந்த நிமிடமே 108.

மற்றபடி, அடைத்த சிமென்ட் விழுந்தது, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது, பல் ஓரம் உடைந்தது, வீக்கமோ காய்ச்சலோ இல்லாத சொத்தை வலி ஆகியவை காலை வரை காத்திருக்கலாம். பெரியவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அதுவே அதிகம். காலையில் வரும்போது இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டு வாருங்கள். 'வெள்ளையா, பெருசா ஒண்ணு' என்று சொன்னால் என் மேசையில் இருக்கும் மருந்துகளில் பாதி அந்த அடையாளத்துக்குப் பொருந்தும்.