லேட்டன்சி: தாமதம் அல்ல, கடப்பு நேரம்

பல செயலிகளை ஒரே கணக்கில் சேர்ந்து ஈடுபடுத்தும் இணைக்கணிமை பற்றித் தமிழில் வரும் விளக்கங்களில், அனுப்பியது மறுமுனைக்குப் போய்ச்சேர ஆகும் நேரத்தைக் குறிக்கும் லேட்டன்சி என்ற சொல் வருமிடமெல்லாம் "தாமதம்" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். "கணுக்களுக்கிடையே 1 மைக்ரோ நொடி தாமதம் ஏற்படுகிறது" என்று, வலையமைப்பில் இணைந்த கணினிகளைப் பற்றி வரும் வாக்கியத்தை எத்தனை முறைதான் படிப்பது? அங்கே எதுவும் தாமதமாகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஆகிற நேரம் அது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் "லாட்டேரே" என்றால் மறைந்திருத்தல். ஆங்கிலத்தில் முதலில் வெளித்தெரியாமல் உள்ளே இருக்கும் தன்மையை இந்தச் சொல் குறித்தது. பிறகு உடலியலில், தூண்டலுக்கும் தசை அசைவதற்கும் நடுவே வெளியே எதுவும் தெரியாத காலத்துக்குப் போயிற்று. கணினிக்கு வந்தபோது, கேட்ட தரவு இன்னும் வந்துசேராத இடைவெளி என்ற பொருள் நிலைத்தது. மறைவு என்ற பழைய பொருள் இன்றைய கணினிப் பயன்பாட்டில் அறவே இல்லை.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு "மறைநிலை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இது தாமதத்தைவிட மோசம். இணைக்கணிமையில் அன்றாடம் கையாளும் ஓர் உத்தி உண்டு: செய்தி வழியில் இருக்கும்போது செயலியைச் சும்மா விடாமல் வேறு கணக்கைச் செய்யவைத்து, அந்த நேரம் வெளியே தெரியாமல் செய்துவிடுவது. மறைநிலைக்காரர் இதை "மறைநிலையை மறைத்தல்" என்றுதான் எழுதியாக வேண்டும். ஏற்கெனவே மறைந்திருப்பதை எதற்கு மறைக்க வேண்டும் என்று படிப்பவர் கேட்டால் என்ன பதில்?

தாமதத்துக்கு வருவோம். எட்டு மணி நேரப் பயணத்தை எட்டு மணி நேரத்தில் முடித்து நிற்கும் ரயிலை "எட்டு மணி நேரம் தாமதம்" என்று யாரும் சொல்வதில்லை. குறித்த நேரத்தைத் தாண்டினால்தான் தாமதம். அந்தச் சொல்லுக்குள்ளேயே குறை சொல்லும் தொனி இருக்கிறது. முக்குணங்களில் ஒன்றான தாமத குணம், அதாவது சோம்பல், மந்தம் என்ற பொருள்தான் அதன் வேர். கண்ணாடியிழையில் ஒளி 1 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோ நொடி ஆகும். 100 மீட்டருக்கு 500 நானோ நொடி. இயற்பியல் விதித்த இந்த நேரத்துக்கு யாருடைய சோம்பலைக் காரணம் காட்டுவது?

சொல்லைத் தவறாக வைத்தால் கணக்கும் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் பெரிய குறை. செய்தி அனுப்பும் செலவுக்கான மிக எளிய மாதிரி இரண்டே உறுப்புகள் கொண்டது. செய்தி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆகும் நிலையான தொடக்க நேரம் ஒன்று. பைட்டுக்கு இவ்வளவு என்று நீளத்தோடு ஏறும் நேரம் இன்னொன்று. முதலாவதை ஆல்ஃபா என்றும் இரண்டாவதன் வீதத்தை பீட்டா என்றும் குறிப்பார்கள். ஆல்ஃபா 1 மைக்ரோ நொடி, வேகம் நொடிக்கு 10 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். 8 பைட் எண்கள் ஆயிரத்தைத் தனித்தனியாக அனுப்பினால் 1000.8 மைக்ரோ நொடி ஆகும். அதே ஆயிரத்தையும் ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பினால் 1.8 மைக்ரோ நொடி. கம்பியின் வேகத்தை இருமடங்காக்கினாலும் முதல் கணக்கு 1000.4 ஆகத்தான் இறங்கும். "தாமதம்" என்று படித்துப் பழகியவர் இதைப் பார்த்ததும், வலையமைப்பில் நெரிசல், வேகமான கம்பி வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பார். பழுது கம்பியில் இல்லை. ஆயிரம் முறை அனுப்பிய நிரலில் இருக்கிறது.

1993இல் கணினியியலாளர் கல்லர் முதலானோர் வெளியிட்ட லாக்பி மாதிரி இதை இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. பெயரின் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அளவு. எல் என்பது செய்தி வலையமைப்பைக் கடக்கும் நேரம். ஓ என்பது அனுப்பவோ பெறவோ செயலி தன் கையை விட்டுச் செலவழிக்கும் நேரம். ஜி என்பது ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் குறைந்தது விடவேண்டிய இடைவெளி. பி, செயலிகளின் எண்ணிக்கை. சிறு செய்தி ஒன்று போய்ச்சேர அனுப்பும் பக்கம் ஒரு ஓ, நடுவில் எல், பெறும் பக்கம் ஒரு ஓ. இந்த மாதிரியின் உயிரே எல், ஓ இரண்டையும் பிரித்ததில்தான் இருக்கிறது. எல் நேரத்தில் செயலி வேறு வேலை பார்க்கலாம். ஓ நேரத்தில் முடியாது. ஓ, எல், ஜி மூன்றுக்கும் "அனுப்பும் தாமதம்", "வலைத் தாமதம்", "இடைத் தாமதம்" என்று பெயர் சூட்டியவர் அந்தப் பிரிவினையையே அழித்துவிடுகிறார்.

"சுணக்கம்" என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ் வேர் என்பதால் பலருக்குப் பிடிக்கிறது, எனக்கும் காதுக்கு இனிமைதான். ஆனால் சுணங்குதல் என்றால் சோர்தல், வாடுதல். வேலை சுணங்கிவிட்டது என்றால் யாரோ கவனிக்கவில்லை என்றுதான் பொருள். சொல் தூய்மையாகிவிட்டது, பழி மட்டும் அப்படியே நிற்கிறது. தனித்தமிழ் என்பதற்காகப் பொருந்தாத சொல்லை ஏற்க முடியாது.

"காத்திருப்பு நேரம்" இவற்றைவிட மேல். கணினியின் சுழலும் சேமிப்பு வட்டில் தகவல் இருக்கும் இடம் படிக்கும் தலையின்கீழ் வரும்வரை உண்மையிலேயே காத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டில் சராசரியாக அரைச் சுற்று, ஏறத்தாழ 4.17 மில்லி நொடி. அங்கே அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். செய்திப் பரிமாற்றத்தில் அது நிற்காது. ஒரு பெரிய கட்டப்பரப்பைச் செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு செயலியும் தன் ஓரக் கட்டங்களின் மதிப்பை அண்டைச் செயலிக்கு அனுப்பிவிட்டு, அதனுடைய ஓர மதிப்புகள் வரும்வரை உட்புறக் கட்டங்களைக் கணக்கிடுகிறது. உட்புறம் முடியும்போது ஓர மதிப்புகளும் வந்திருக்கும். யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் லேட்டன்சி ஒரு நானோ நொடிகூடக் குறையவில்லை. காத்திருப்பு நாம் நிரல் எழுதும் விதத்தைப் பொறுத்தது. லேட்டன்சி வலையமைப்பின் இயல்பு.

எனவே நான் பரிந்துரைப்பது "கடப்பு நேரம்". ஒரு முனையில் புறப்பட்டது மறுமுனைக்குக் கடந்து சேர ஆகும் நேரம். பழி இல்லை, மர்மம் இல்லை, முதன்முதலாகக் கேட்பவருக்கும் விளங்கும். ஆல்ஃபாவை இதோடு கலக்க வேண்டாம். அதில் கடப்பு நேரத்தோடு செயலியின் கைச்செலவும் சேர்ந்திருப்பதால் "தொடக்க நேரம்" என்றே இருக்கட்டும். ஓவுக்கு "கைச்செலவு நேரம்" போதும். ஆங்கிலத்தில் ஓவர்ஹெட் எனப்படும் அதை "மேல்நிலை" என்று எழுதுகிறவர்கள் உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியை நினைவூட்டுகிறார்கள்.

இதே கவனமின்மைதான் மற்றச் சொற்களிலும். தரவு பாயும் வீதத்துக்கு "அலைவரிசை" என்று எழுதுகிறார்கள். வானொலி நிலையத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் செப்புக் கம்பியில் ஓடும் பைட்டுகளுக்கும் என்ன தொடர்பு? "பாய்வு வீதம்" என்றால் ஆயிற்று. "செயல்திறன்" பாடு இன்னும் கொடுமை. நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கும் அதே சொல், வேகப்பெருக்கத்தை, அதாவது ஒரு செயலியைவிட எத்தனை மடங்கு வேகம் என்பதை, செயலி எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்துக்கும் அதே சொல். 64 செயலிகளில் 16 மடங்கு வேகம் வந்தால் முன்னது உயர்ந்திருக்கிறது, பின்னது கால் பங்கில் நிற்கிறது. "செயலிகளைக் கூட்டியதும் செயல்திறன் கூடியது, ஆனால் செயல்திறன் குறைந்தது" என்று ஒரே பத்தியில் எழுதிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர், தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். முன்னதை "ஓட்டவேகம்" என்றும் பின்னதை "பயன்வீதம்" என்றும் பிரித்தால் அந்த வாக்கியம் உடனே நேராகிவிடும்.