“ஒரு காதில் மட்டும்தான் டாக்டர்”

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் அதிகாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் காதுக்குள் அரிப்பு, காது அடைத்த மாதிரி இருக்கிறது, இல்லையென்றால் ‘ஙொய்’ என்று விடாமல் ஒரு இரைச்சல், இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான் இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவராக நான் முதலில் கேட்பது, ஓட்டும்போது காதில் என்ன போடுவீர்கள் என்று. அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “ஒரு காதில் மட்டும்தான் டாக்டர், அதுவும் சவுண்டு கம்மிதான்.”

அந்த ஒரு காது கணக்கை முதலில் பார்ப்போம். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் ஒப்பிட்டுத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி நொடியில் முக்கால் பங்கைத் தாண்டாது, அவ்வளவு நுணுக்கமான வேலை. ஒரு காதை அடைத்து அதில் பாட்டும் ஓடவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. ஹார்ன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. முன்னாலா பின்னாலா என்று பிரித்துச் சொல்வதில் காது மடலின் வளைவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு, இயர்பட் அந்த வழியையும் மூடிவிடும். நம் ஊரில் வண்டிகள் வலது பக்கம்தான் முந்தும், அதனால் இடது காதில் போட்டால் போதும் என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். சரி, இடது ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக்கை என்ன செய்வது? நிறுத்தத்துக்காக வலமிருந்து இடமாகக் குறுக்கே வெட்டும் பஸ்ஸை? நம் சாலைகளில் ஹார்ன் என்பது பாதி திட்டு, பாதி தகவல். லாரிக்குப் பின்னால் ‘சவுண்டு ஹார்ன்’ என்று எழுதி வைத்திருப்பதே அதைக் கேட்டு வழிவிடுவதற்காகத்தான்.

அடுத்தது ‘சவுண்டு கம்மி’. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நல்ல வேகத்தில் ஓட்டும்போது பாட்டு உங்களுக்குச் சரியாகக் கேட்கிற அளவில் வைத்துவிட்டு, அந்த அளவைத் தொடாமல் சைக்கிளை நிறுத்தி, சந்தடி இல்லாத ஓர் இடத்தில் நின்று கேளுங்கள். பலர் அப்போதே இயர்பட்டைக் கழற்றிவிடுவார்கள். காரணம் காற்று. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக் குழு ஒன்று காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, மணிக்கு 16 கி.மீ. வேகக் காற்றிலேயே காதருகே சுமார் 85 டெசிபல் வந்தது, 97 கி.மீ. வேகத்தில் 120. தொழிற்சாலைகளில் 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. காற்றிரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதி, ஆலை இரைச்சலோடு அப்படியே ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் நீங்கள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. சத்தத்தால் கெட்ட காதை, கேட்கும் திறனை அளந்து வரையும் ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகப் பார்க்கலாம். பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டே இருப்பதால் அந்தப் பள்ளம் ஆளுக்கே தெரியாமல் ஆழமாகிவிடும். சத்தத்தை உணரும் செல்கள் போனால் போனதுதான், உள்காதில் அவை திரும்ப முளைப்பதில்லை.

இதைச் சொன்னதும் சிலர், அப்படியானால் பாட்டு வேண்டாம், வெறும் பஞ்சு இயர்பிளக் போட்டுக்கொண்டால் காற்றிலிருந்து காது தப்புமே என்பார்கள். மோட்டார் பைக்கில் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அது நியாயமான யோசனை. சைக்கிளுக்கு நான் சொல்லமாட்டேன். இயர்பிளக்குக்கு எது காற்று, எது கார் என்று தெரியாது, எல்லாவற்றையும் குறைக்கும், அதிலும் உயர்ந்த சுருதிகளைத்தான் அதிகம் குறைக்கும், தாழ்ந்த சுருதியான காற்றைக் குறைவாக. பின்னால் வேகமாக வரும் காரில் நமக்கு முதலில் கேட்பது எஞ்சினைவிட டயர் தார்ச்சாலையில் உரசும் சத்தம், அது 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதைத்தான் நீங்கள் அடைத்து வைக்கிறீர்கள். போதாததற்கு அடைத்த காதில் உங்கள் மூச்சே உங்களுக்கு இடி மாதிரி கேட்கும். காற்றிரைச்சல் உண்மையிலேயே தொல்லை என்றால் காதுக்கு முன்னால் வரும் ஹெல்மெட் பட்டையில் சுற்றிக்கொள்ளும் புசுபுசுவென்ற துணிப் பட்டைகள் விற்கிறார்கள், அவை காற்றை உடைக்குமே தவிர காதை மூடாது.

‘நாய்ஸ் கேன்சலிங்’ இருக்கிற இயர்பட்ஸ் சாலைக்குக் கண்டிப்பாக வேண்டாம். அது நன்றாக அழிப்பதே சீராக ஓடும் தாழ்ந்த சத்தங்களை, அதாவது பஸ் எஞ்சினை. வெளிச்சத்தம் கேட்கவைக்கும் ‘டிரான்ஸ்பரன்சி’ வசதி நின்றுகொண்டிருக்கும்போது அருமையாக இருக்கும், 30 கி.மீ. வேகத்தில் அதன் மைக் காற்றைத்தான் அள்ளிக் கொடுக்கும். அப்புறம் இந்த எலும்பு வழி ஹெட்போன். காதுத் துவாரம் திறந்திருக்கிறது என்பது உண்மை, இருப்பதில் குறைந்த கெடுதல் அதுதான் என்று நானும் சொல்வேன். ஆனால் கன்ன எலும்பு வழியாகப் போனாலும் பாட்டு போய்ச் சேர்வது உள்காதில் சத்தத்தை உணரும் அதே காக்ளியாவுக்குத்தான், அங்கே டயர் சத்தத்தை அது மூடத்தான் செய்யும். இதோடு 2025-லிருந்து சென்னையில் மின்சார பஸ்ஸும் ஓடுகிறது, மின்சார ஸ்கூட்டரைச் சொல்லவே வேண்டாம். மெதுவாக வரும்போது இவற்றின் சத்தம் வெறும் காதுக்கே சரியாக எட்டுவதில்லை.

பந்தயத்துக்கு வருவோம். “டூர் டி பிரான்ஸ்ல எல்லாரும் காதுல மாட்டியிருக்காங்களே” என்று கேட்காத இளைஞர் குறைவு. அவர்கள் மாட்டியிருப்பது அணி மேலாளரோடு பேசும் ரேடியோ, 1990-களில் மோட்டரோலா அணி பரவலாக்கியது, அதில் பாட்டு ஓடாது, இடையிடையே ஒரு குரல் வரும், அவ்வளவுதான். சாலையும் அன்று முழுக்க மூடப்பட்டிருக்கும். 2024 டூரில் புறப்பட்டவர்கள் 176 பேர். அந்தக் கூட்டத்துக்குள் பக்கத்து ஆளின் பிரேக்கும், கியர் மாறும் ‘க்ளக்’கும், முன்னால் கத்துகிறவரின் குரலும் கேட்காவிட்டால் ஒரு நிமிடம் தாங்காது. அந்த ரேடியோவுக்குக்கூட உலகச் சாம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்ஸிலும் அனுமதி கிடையாது. 2024 செப்டம்பரில் சூரிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்விஸ் ஜூனியர் வீராங்கனை முரியல் ஃபூரர் விழுந்து இறந்த பிறகு, ரேடியோ இருந்திருந்தால் உதவி சீக்கிரம் வந்திருக்குமே என்ற வாதம் பலமாக எழுந்தது, அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆபத்தைச் சொல்லும் குரலும் ஆபத்தை மறைக்கும் பாட்டும் ஒன்றாகாது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் குழப்பமே இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பான வேர்ல்டு டிரையத்லானின் விதியும், நீண்ட தூரப் போட்டிகளான அயர்ன்மேனின் விதியும் போட்டியில் ஹெட்போனைத் தடை செய்கின்றன, 2019-லிருந்து கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3-க்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் இதை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. 90 கி.மீ. சைக்கிளைப் பாட்டோடு மட்டுமே ஓட்டிப் பழகிவிட்டு, போட்டியன்று திடீரென்று அமைதியில் ஓட்டினால் வேகக் கணக்கு தடுமாறும். பிரான்ஸில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து சாதாரணச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் காதில் எதையும் செருகக்கூடாது, அபராதம் 135 யூரோ. கலிஃபோர்னியாவில் ஒரு காதுக்கு அனுமதி உண்டு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சென்னையின் நெரிசலான ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. லண்டன் ப்ரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கரகியார்கிஸ் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்கிறார்: மிதமான உழைப்பில் பாட்டு களைப்பு உணர்வைக் குறைக்கிறது, உழைப்பு மிகக் கடுமையாகும்போது அந்தப் பலன் மங்கிவிடுகிறது, ஏனென்றால் நெஞ்சும் காலும் போடும் கூச்சலில் மூளை பாட்டைக் கவனிப்பதில்லை. அதாவது பந்தய வேகத்தில் அதனால் பெரிய லாபமும் இல்லை. வீட்டில், நின்ற இடத்திலேயே சைக்கிள் ஓட்டவைக்கும் டிரெய்னரில் ஏறி, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அனுமதிக்கிற அளவுக்குக் கேளுங்கள்.

அரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். வேர்வையும் கடற்கரை ஈரக்காற்றும் ரப்பர் மூடியும் சேர்ந்தால் காதுக் குழாய்க்குள் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், அதன்மேல் பட்ஸ் குச்சி விட்டுக் குடைந்தால் அழுக்கு உள்ளே போய் இறுகும். ஓட்டி முடித்ததும் காது மடலைத் துடைத்து உலரவிட்டால் போதும், எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று. ஒரு காதில் கேட்பது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ, குறைந்துவிட்டால் அதைக் காற்று பட்டது, அழுக்கு அடைத்தது, அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். அது நரம்பு சார்ந்த செவித்திறன் இழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே பக்கத்தில் இருக்கிற காது மருத்துவரிடம் போய் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.