எந்தக் கடனை முதலில் அடைப்பது?

என்னிடம் கடன் ஆலோசனைக்கு வரும் இளைஞர்களில் அநேகம் பேர் உட்கார்ந்ததும் கல்விக் கடனைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். தொகை பெரியது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டது, அதனால் மனதை அழுத்துவது அதுதான். ஆனால் இருக்கிற கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் மேலே ஏறிய கிரெடிட் கார்டு பாக்கி, லோன் ஆப், தவணையில் எடுத்த ஃபோன், நண்பர்களிடம் கைமாற்று. இதில் சில கல்விக் கடன் தவணை தவறிவிடக் கூடாது என்பதற்காகவே வாங்கியவை. குறைந்த வட்டிக் கடனைக் கட்ட அதிக வட்டிக்கு வாங்குகிறோம் என்பது வாங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் தெரிவது கடைசித் தேதி ஒன்றுதான்.

ஒரு பெண் தன் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டை ஃபோனிலேயே காட்டினார். 1-ஆம் தேதி சம்பளம். 2-ஆம் தேதி வாடகை, 3-ஆம் தேதி கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. 5-ஆம் தேதி கல்விக் கடன் தவணை போக வேண்டும், கணக்கில் பணம் இல்லை, அதனால் 4-ஆம் தேதி ஏடிஎம்மில் அதே கார்டைப் போட்டுப் பணம் எடுத்துக் கணக்கில் கட்டியிருக்கிறார். மூன்று மாதமும் இதே வரிசை. "கல்விக் கடனில் ஒரு தவணைகூட நான் விட்டதில்லை மேடம்" என்றார், அது உண்மையும்கூட. ஆனால் கார்டில் பணமாக எடுத்தால், பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. வருடத்துக்கு 10 சதவீதக் கடனுக்கு அவர் மாதத்துக்கு 3 சதவீதத்தில் பணம் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒழுங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வரிசைதான் தப்பு.

அதனால் யார் வந்தாலும் முதல் வேலை ஒரு தாள். யாருக்குக் கொடுக்க வேண்டும், இன்றைக்கு மிச்சம் எவ்வளவு, வருட வட்டி எவ்வளவு, தவறினால் என்ன ஆகும், கூட யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம், ஒவ்வொரு கணக்கையும் திறந்து பார்த்து எழுதுங்கள். மனதில் இருக்கும் தொகையும் கணக்கில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

வட்டியை எழுதும்போது எல்லாவற்றையும் வருடக் கணக்குக்கு மாற்றுங்கள். கடன் கொடுப்பவர்கள் தங்களுக்குச் சாதகமான அளவில்தான் வட்டியைச் சொல்வார்கள். மாதம் 3 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு அது 36, வட்டிக்கு வட்டியும் சேர்ந்தால் 42-ஐத் தாண்டும். லோன் ஆப்பில் 10,000 கேட்டால் கட்டணம் பிடித்துக்கொண்டு 8,500 கைக்கு வரும், முப்பது நாளில் 10,000 திருப்ப வேண்டும். வாங்கியது 8,500, அதற்கு ஒரு மாதத்தில் 1,500 கொடுக்கிறீர்கள். மாதத்துக்கே 17 சதவீதத்துக்கு மேல், வருடத்துக்கு 200-க்கு மேல். இன்னொன்று ஃபிளாட் ரேட். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் ஃபிளாட், மூன்று வருடம் என்றால், நீங்கள் அசலில் பெரும்பகுதியைக் கட்டி முடித்த பிறகும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். பக்கத்து வங்கியில் 13 சதவீதம் என்று போர்டு பார்த்துவிட்டு, இங்கே 10 தானே என்று கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மினிமம் டியூ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கார்டில் ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, பாக்கியில் 5 சதவீதம் மினிமம் டியூ என்று வைத்துக்கொள்வோம். கார்டில் புதிதாக ஒரு பைசா செலவு செய்யாமல் ஒரு வருடம் ஒழுங்காக மினிமம் மட்டும் கட்டினால், கையை விட்டுப் போவது சுமார் 55,000. பாக்கியில் குறைவது 23,000 மட்டும். மிச்சம் 77,000 அப்படியே நிற்கும். மாதாமாதம் கட்டுகிறோம், அபராதம் இல்லை, யாரும் ஃபோன் செய்து கேட்பதும் இல்லை, ஆகவே சரியாகத்தான் போகிறது என்று தோன்றும். சிலருக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாலே முகம் மாறிவிடும்.

சரி, வரிசை எப்படி? எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை போகட்டும், மிஞ்சுவது முழுக்க அதிக வட்டிக் கடனுக்குப் போகட்டும். அது முடிந்ததும் அதற்குக் கட்டிக்கொண்டிருந்த தொகை அப்படியே அடுத்த அதிக வட்டிக்கு நகர வேண்டும், செலவுக்கு நகரக் கூடாது. கணக்குப்படி மிகக் குறைந்த வட்டியில் வெளியே வரும் வழி இதுதான். ஆனால் மனிதர்கள் கணக்கு மட்டும் இல்லையே. டேவிட் கேல், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் கடன் தீர்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். தொகை எவ்வளவு குறைந்தது என்பதைவிட எத்தனை கணக்குகளை முழுதாக மூடினார்கள் என்பதுதான், அவர்கள் கடைசி வரை போய்க் கடனை முடிப்பார்களா என்பதைக் காட்டியது. ஆகவே ஏழெட்டுச் சில்லறைக் கடன்கள் இருப்பவரிடம் நான் சொல்வது, இரண்டு மாதத்துக்குள் மூடக்கூடிய ஒன்றிரண்டை முதலில் மூடுங்கள், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேதிகள் குறையும், அப்புறம் வட்டி வரிசைக்கு வாருங்கள். தினம் ஐந்து பேர் கூப்பிடும் நிலையில் இருப்பவருக்கு நிம்மதியும் ஒரு வரவுதான்.

இந்த வரிசையில் கல்விக் கடன் பெரும்பாலும் கடைசியில் நிற்கும். வீட்டில் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போனஸ் வந்ததும் கல்விக் கடனில் போடு என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த கடன் அது ஒன்றுதான், கார்டு பாக்கி அவர்களுக்குத் தெரியாது. கார்டில் 36 சதவீதம் ஓடும்போது 10 சதவீதக் கடனில் முன்கூட்டிப் போடும் ஒவ்வொரு ரூபாயும் நஷ்டம். இங்கேதான் வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தாளையும் காட்டச் சொல்கிறேன். திட்டு விழும், விழட்டும், தெரியாமல் கொடுக்கும் யோசனையைவிட அது எவ்வளவோ மேல்.

இனி கல்விக் கடன். படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களுக்கும் கட்ட வேண்டாம் என்று பல வங்கிகள் தவணைக்கு விடுப்பு தருகின்றன. தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. ஒரு உதாரணம். நான்கு வருடப் படிப்பு, வருடத்துக்கு இரண்டரை லட்சம் வீதம் மொத்தம் 10 லட்சம், வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம். அதுவரை தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் மூன்றரை லட்சம் சேர்ந்திருக்கும், அதை அசலோடு சேர்த்துவிட்டால் தவணை ஆரம்பிக்கும் அன்று உங்கள் கடன் 13.5 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,840. முதல் மாதத் தவணையில் 11,250 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 6,590. இரண்டு வருடம் கட்டியும் கடன் அப்படியே இருக்கிறதே என்று கலங்கி வருபவர்களுக்கு இதைத்தான் விளக்குவேன். யாரும் ஏமாற்றவில்லை, ஆரம்ப வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்குச் சாப்பாடு.

அதே கடனில் படிக்கும்போதும் அதற்கடுத்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் கட்டி வந்திருந்தால்? முதல் வருடம் மாதம் 2,083, இரண்டாம் வருடம் 4,167, போகப் போக 6,250, பிறகு 8,333. அப்படிக் கட்டினால் தவணை 10 லட்சத்துக்கே ஆரம்பிக்கும், மாதம் 13,215. பத்து வருடத்தில் மிச்சமாகும் தவணைப் பணம் சுமார் ஐந்தரை லட்சம், அதற்காக முன்னால் கட்டியது மூன்றரை லட்சம். எல்லா வீட்டிலும் இது முடியாது, தெரியும். முதல் வருட வட்டியை மட்டும் கட்டினாலும் அந்த அளவுக்கு அசல் வீங்காது. ஆனால் இதற்காக வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடாதீர்கள்.

தவணை ஆரம்பித்த பிறகும் வழி உண்டு. மேலே சொன்ன 13.5 லட்சத்தில் மாதம் 2,000 கூடுதலாகக் கட்டினால் கடன் பத்தொன்பது மாதம் முன்னதாக முடியும், சுமார் 1.4 லட்சம் வட்டி மிச்சம். கூடுதலாகக் கட்டும்போது அது அசலில் கழிய வேண்டும், தவணைத் தொகை குறையாமல் காலம் குறைய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்வதும் உண்டு. முன்கூட்டிக் கட்ட அபராதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய கடன்களுக்கு வங்கிகள் அந்த அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது.

நாட்டுக்கு நாடு கல்விக் கடன் வேறு வேறு பொருள் என்பதையும் மறக்க வேண்டாம், உறவினர் சொன்னார் என்று அவருடைய ஊர் வழியை நீங்கள் பின்பற்றினால் நஷ்டம் உங்களுக்கு. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் இருக்கும் திட்டத்தில் வருமானம் ஒரு அளவைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும், விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அதை ஒட்டிக் கடன் ஏறும். இங்கிலாந்திலும் வருமானத்தை வைத்துத்தான், 2023 ஆகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. அங்கே சம்பளம் குறைவாகவே இருக்கப்போகிற ஒருவர் அவசர அவசரமாக முன்கூட்டிக் கட்டுவதில் அர்த்தம் இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் மற்ற கடன்களைப்போல இதைத் திவாலாகி எளிதில் உதற முடியாது. இந்திய வங்கிக் கடன் உங்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு வராது, தேதி வந்தால் வரும்.

இன்னும் கடன் வாங்காதவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் சேரப்போகும் படிப்பை முடித்தவர்களில் சம்பள வரிசையில் நடுவில் இருப்பவருக்கு முதல் வருடம் என்ன சம்பளம் கிடைக்கிறது? கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் உச்சபட்சச் சம்பளம் வேண்டாம். முந்தின வருடம் முடித்த நான்கைந்து பேரிடம் கேளுங்கள், சொல்வார்கள். மொத்தக் கடன் அந்த ஒரு வருடச் சம்பளத்துக்குள் நின்றால் சமாளிக்கலாம், இரண்டு மடங்கைத் தாண்டினால் படிப்பையோ கல்லூரியையோ மறுபடி யோசியுங்கள் என்பது என் கருத்து. அனுமதித்த தொகை முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தேவையானதை மட்டும் எடுங்கள்.

கடைசியாக, கட்டவே முடியாத மாதங்கள். வேலை போகும், உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது பலரும் செய்வது ஃபோனை எடுக்காமல் இருப்பது, அல்லது ஆப்பில் வாங்கிக் கட்டுவது. இரண்டும் வேண்டாம். தவணை தவறுவதற்கு முன்னாலேயே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தியாவில் 90 நாள் தாண்டினால்தான் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்க்கும், அதற்கு முன் பேசினால் வங்கிக்கும் இறங்கி வர இடம் இருக்கிறது. கடன் எண், என்ன நடந்தது, எந்த மாதம் முதல் எவ்வளவு கட்ட முடியும் என்று நான்கு வரி போதும், வேலை நீக்கக் கடிதமோ மருத்துவச் சான்றோ இருந்தால் கூடவே இணையுங்கள். ஜாமீன் போட்டவருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், உங்கள் தவணை தவறினால் பணம் கேட்டு அவர் வாசலுக்கும் போவார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் அவருடைய கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். வசூலுக்கு ஆள் வந்தால் பயந்து ஒளியத் தேவையில்லை. இந்தியாவில் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, மிரட்டலுக்கும் அனுமதி இல்லை, அழைத்த நேரத்தையும் எண்ணையும் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

வங்கி தவணையைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். தள்ளிப்போட்ட மாதங்களின் வட்டி அசலோடு சேருமா, காலம் நீளுமா, நீண்டால் மொத்தம் எவ்வளவு கூடும், கிரெடிட் அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்று நான்கையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.