பாறைக்குள் வெடித்தாலும் செனான் காட்டிக்கொடுக்கும்

"சர்வதேசச் சட்டம் என்கிறார்கள். மீறினால் பிடித்துப்போக போலீஸ் உண்டா? பிறகு அது எப்படிச் சட்டமாகும்?" என்று ஒரு வாசகர் சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தார். போலீஸ் இல்லைதான். ஆனால் போலீஸ் வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தாக வேண்டுமே: மீறல் நடந்தது என்பது பிறருக்குத் தெரிய வேண்டும். பல ஒப்பந்தங்கள் தடுமாறிய இடம் அதுதான். தண்டிப்பது பற்றி அரசியல் படித்தவர்கள் பேசட்டும். கண்டுபிடிப்பது இயற்பியல், அதைப் பற்றி நான் பேசுகிறேன்.

அணுகுண்டு சோதனைகளை எடுத்துக்கொள்வோம். 1963இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. காற்று மண்டலம், கடலடி, விண்வெளி மூன்றிலும் சோதனை கூடாது. நிலத்தடி மட்டும் விடுபட்டது. ஏன்? நிலத்துக்குள் ஏற்படும் ஓர் அதிர்வு குண்டா, பூகம்பமா என்று தொலைவிலிருந்து உறுதியாகச் சொல்ல அன்றைக்கு வழியில்லை. நேரில் வந்து பார்க்க விடுங்கள், ஆண்டுக்கு 7 முறையாவது என்றது அமெரிக்கா. 3 முறைக்கு மேல் முடியாது என்றது சோவியத். 3க்கும் 7க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பேச்சு அப்படியே நின்றது, சோதனைகள் பூமிக்குள் இறங்கின. 1945 முதல் 1996 வரை உலகில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட சோதனைகளில் பெரும்பாலானவை நிலத்தடியில் நடந்தவையே.

1996இல்தான் எல்லா இடத்துக்குமான முழுத் தடை ஒப்பந்தம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. அதைக் கண்காணிக்கும் அமைப்பு வியன்னாவில் இருக்கிறது. உலகெங்கும் 337 இடங்கள் கொண்ட ஒரு வலை அதன் திட்டம். 170 நில அதிர்வு நிலையங்கள், கடலுக்குள் ஒலி கேட்கும் 11, காதுக்கு எட்டாத தாழ் ஒலியைக் கேட்கும் 60, காற்றில் கதிரியக்கம் தேடும் 80, கூடவே 16 ஆய்வகங்கள். இவற்றில் 300க்கும் மேற்பட்டவை இன்று இயங்குகின்றன.

நில அதிர்வைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடுவோம். பூகம்பத்தில் பாறை உரசி நழுவுகிறது, அதனால் பக்கவாட்டில் ஆட்டும் எஸ் அலை பலமாக வரும். வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் தள்ளுகிறது, அதனால் முன்னால் ஓடிவரும் பி அலையே ஓங்கியிருக்கும். எங்காவது பூகம்பம் வந்தால் மறுநாளே "அது ரகசிய அணுகுண்டு" என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். யார் படிக்கிறார்கள்?

ஆனால் அலைகள் சொல்வது "வெடித்தது" என்பதை மட்டும்தான். அது அணுகுண்டா, சுரங்கத்தில் அடுக்கி வெடித்த சாதாரண வெடிமருந்தா என்று அவற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த சாட்சி, செனான்.

யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது நூற்றுக்கணக்கான விதமான துண்டுகள் உண்டாகின்றன. சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை உருகிய பாறையோடு கலந்து கண்ணாடியாக இறுகி அங்கேயே தங்கிவிடும். செனான் மந்த வாயு. யாரோடும் சேராது, எதிலும் ஒட்டாது. பாறையில் மயிரிழை விரிசல் ஒன்று கிடைத்தால் போதும், மெல்ல மேலே வந்துவிடும். வெளியே காற்றழுத்தம் குறையும் நாட்களில் மலையே மூச்சு விடுவதுபோல உள்ளிருக்கும் வாயு வெளியே இழுக்கப்படும்.

அப்படி வெளிவந்தது காற்றில் கலந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து ஒரு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு கருவி அரை நாளோ ஒரு நாளோ காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கிவிட்டு மீதியைக் குளிர்ந்த கரித்தூளின் வழியே அனுப்பும். செனான் கரியில் தங்கும், பிறகு சூடாக்கினால் கழன்று வரும். எவ்வளவு கிடைக்கும் என்கிறீர்கள்? இந்தக் கருவிகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லி பெக்கரலுக்கும் குறைவானதைக் காணக்கூடியவை. ஒரு மில்லி பெக்கரல் என்றால் ஏறத்தாழ 17 நிமிடத்துக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். செனானின் ஒரு கதிரியக்க வகையான செனான்-133இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், 5.2 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது சுமார் 650 அணுக்கள்! அந்த ஒரு கன மீட்டரில் இருக்கும் மொத்த மூலக்கூறுகளோ 25 போட்டு 24 சுழி சேர்க்க வேண்டிய எண். அந்தக் கூட்டத்தில் 650 பேரைத் தேடுகிறோம்.

தேடுவதில் ஒரு தந்திரம் உண்டு. செனான்-133 சிதையும்போது ஒரு பீட்டா துகளும் குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட ஒரு காமா கதிரும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் வெளிவரும். ஆகவே கருவி இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டுமே எண்ணும். விண்வெளியிலிருந்தும் சுவரிலிருந்தும் தனித்தனியாக வரும் கதிர்களில் பெரும்பகுதி அதோடு ஒதுங்கிவிடும்.

சரி, செனான் கிடைத்துவிட்டது. அணு உலையிலிருந்தும் இதே செனான் கசியுமே? கசியும். இங்கேதான் அந்த அழகு. குண்டு ஒரு மைக்ரோ நொடியில் எரிந்து முடியும் தீக்குச்சி, உலை மாதக்கணக்கில் எரியும் அடுப்பு. எடை வேறுபடும் செனான் வகைகளில் நமக்கு வேண்டிய உறவுக்காரர்கள் நால்வர் ('எம்' என்றால் கூடுதல் ஆற்றலோடு இருக்கும் வடிவம்). 135க்கு அரை ஆயுட்காலம் 9 மணி நேரம், 133எம்-க்கு 2.2 நாள், 133க்கு 5.2 நாள், 131எம்-க்கு 12 நாள். அடுப்பு நெடுநாள் எரியும்போது சீக்கிரம் சாகிறவை ஓர் அளவோடு நின்றுவிடும், நீண்ட ஆயுள் உள்ள 131எம் சேர்ந்துகொண்டே போகும். போதாததற்கு 135 நியூட்ரான்களை அள்ளி விழுங்கித் தானும் உருமாறிவிடும். தீக்குச்சியிலோ எல்லாம் ஒரே கணத்தில் பிறக்கின்றன, 131எம் சேர நேரமே கிடைப்பதில்லை. ஆக, இவற்றின் விகிதத்தைப் பார்த்தாலே அடுப்பா குச்சியா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெரும்பாலும்தான். மருத்துவ ஐசோடோப்பு செய்யும் ஆலைகள் யுரேனியத்தைச் சில நாட்களே உலையில் வைத்து எடுப்பதால் அவற்றின் செனான் குண்டின் செனானைப் போலவே வேஷம் போடும். ஆய்வாளர்களுக்குத் தீராத தலைவலி அது.

வட கொரியா 2006 அக்டோபரில் முதல் சோதனை நடத்தியபோது குண்டு மிகச் சிறியது, அதன் ஆற்றல் ஒரு கிலோ டன்னுக்கும், அதாவது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கும், குறைவு. இரண்டு வாரம் கழித்து 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கனடாவின் யெல்லோநைஃபில் செனான்-133 அகப்பட்டது. காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் கொரியாவோடு பொருந்தியது. 2009இல் வெடித்தார்கள், ஓர் அணுகூடப் பிடிபடவில்லை. குகையை நன்றாக அடைத்திருக்க வேண்டும். 2013 பிப்ரவரி 12 அன்று மூன்றாவது. மூன்றே நாளில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் விண்கல் வெடித்து, தாழ் ஒலி நிலையங்கள் அதுவரை கேட்டிராத பெரிய ஒலியைப் பதிவு செய்தன. ஆனால் கொரியச் சோதனையின் செனானைக் காணோம். எல்லோரும் கைவிட்டிருந்த நேரத்தில், 55 நாள் கழித்து, ஜப்பானின் தகாசாகி நிலையத்தில் 133உம் 131எம்-உம் சேர்ந்து வந்தன. ஒன்று வேகமாகக் குறைய, மற்றது மெதுவாகக் குறைய, இரண்டின் விகிதமே கடிகாரமாகிறது. அந்தக் கடிகாரம் ஐம்பது நாட்களுக்கு மேலான வயதைக் காட்டியது. யாரோ குகையைத் திறந்திருக்கலாம்.

இந்த வலைக்கும் அதை நடத்தும் அமைப்புக்கும் ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 13 கோடி டாலர். நவீனப் போர் விமானம் ஒன்றிரண்டின் விலை. இதற்குப் பணம் தர நாடுகள் மூக்கால் அழுவது எனக்குப் புரியவே இல்லை.

இவ்வளவும் இருந்தும் அந்த ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பெயர் குறித்த 44 நாடுகளும் ஏற்புறுதி, அதாவது கையெழுத்துக்குப் பின் முறைப்படி தரும் இறுதி ஒப்புதல், தந்தால்தான் வரும். இந்தியாவும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை. அமெரிக்கா, சீனா உள்ளிட்ட சில நாடுகள் கையெழுத்தோடு நின்றுவிட்டன. ரஷ்யா தான் தந்த ஏற்புறுதியை 2023இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதனால் ஒரு முக்கியமான பகுதி மட்டும் பயன்படாமல் கிடக்கிறது: நேரில் போய்ப் பார்ப்பது. நிலத்தடி வெடிப்பின் நியூட்ரான்கள் பாறையிலுள்ள கால்சியத்தைத் தாக்கினால் ஆர்கான்-37 உண்டாகும், அரை ஆயுட்காலம் 35 நாள். மண்ணுக்குள் குழாய் இறக்கி உறிஞ்சினால் அகப்படும். ஒப்பந்தத்தை எழுதியவர்களும் அவசரம் தெரிந்தவர்கள்தான். கோரிக்கை வந்த 96 மணி நேரத்துக்குள் செயற்குழு முடிவெடுக்க வேண்டும். அதிலுள்ள 51 நாடுகளில் 30இன் வாக்கு தேவை. ஆறே நாளில் குழு அந்த நாட்டின் வாசலில் நிற்க வேண்டும். 1,000 சதுர கிலோமீட்டர் வரை தேடலாம். 2008இல் கஜகஸ்தானிலும் 2014இல் ஜோர்தானிலும் கருவிகளோடு போய் முழு ஒத்திகை நடத்திப் பார்த்தார்கள். ஒத்திகையைத் தவிர, உண்மையான சந்தேகத்தின் பேரில் இந்த விதிகளின்படி ஒரு குழுகூட எந்த நாட்டுக்குள்ளும் இதுவரை நுழைந்ததில்லை.