ஊட்டற் சுற்று: டெலிபோன் கம்பிக்கு அளவாகக் கரண்ட் கொடுப்பதன் தமிழ்ப் பெயர்

இலங்கை மலைநாட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கரண்ட் போனால் லயத்து வீடுகளில் விளக்கு அணையும், ரேடியோ அடங்கும். ஆனால் ஆபீஸ் மேசைமேல் இருந்த கறுப்பு டெலிபோனின் ரிசீவரைத் தூக்கினால் 'ங்ங்' என்ற இரைச்சல் வழக்கம்போல் கேட்கும். சுவரில் எங்கேயும் செருகாத சாமான் எப்படி உயிரோடு இருக்கிறது என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய புதிர். விடை பிறகுதான் தெரிந்தது. அதற்கு வேண்டிய கரண்ட் டவுன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பற்றரிகளிலிருந்து வருகிறது. குரல் போய்வரும் அதே இரண்டு கம்பியில்தான் அதுவும் வருகிறது.

இப்படிக் கரண்ட் அனுப்பும் பகுதியை டெலிகொம் வேலைக்காரர்கள் 'லைன் ஃபீட்' அல்லது 'பேட்டரி ஃபீட்' என்பார்கள். அதில் வீண்செலவைக் குறைக்கும் வகைக்குப் 'பவர் சேவிங் ஃபீட் சர்க்கிட்' என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் லைன். லத்தீனில் 'லீனியா' என்றால் ஆளிச்செடி நாரில் திரித்த நூல். அந்த நூல்தான் ஆங்கிலத்தில் கோடாகவும் வரிசையாகவும் கம்பியாகவும் விரிந்தது. தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. நேராக இருந்தால் 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம். கம்பி வழியே வந்த செய்திக்கு வீணை நரம்பைக் குறிக்கும் 'தந்தி' என்ற சொல்லையே பெயராக வைத்தோம். மலைநாட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கதையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு காம்பரா (அறை) ஒரே வரிசையில் நிற்கும் தோட்டக் குடியிருப்புக்கு லயன், லயம் என்று பெயர். அதுவும் இதே லைன்தான். ஒரே ஆங்கிலச் சொல் எங்கள் மலைக்கு இரண்டு தடவை ஏறி வந்தது, ஒரு தடவை வீடாக, இன்னொரு தடவை கம்பியாக. கம்பியாக வந்த லைன் துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் ஃபெக்டரிக்கும் போனது. வீடாக வந்த லயனுக்குள் அது நெடுங்காலம் நுழையவில்லை. எழுதும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

கலைச்சொல்லுக்குக் 'கம்பி' போதும். 'இணைப்பு' என்றால் பணம் கட்டி வாங்கும் சேவையும் அதில் வந்துவிடும். 'வரி' என்றால் வேறு கவலை வந்துவிடும்.

அடுத்தது ஃபீட். இதற்கு 'ஊட்டு' என்பதைவிட நல்ல சொல் கிடைக்காது. காண் என்பதிலிருந்து காட்டு, பூண் என்பதிலிருந்து பூட்டு. அதே மாதிரி உண் என்பதிலிருந்து ஊட்டு. தானே செய்வது முதல் சொல், அடுத்தவரைச் செய்ய வைப்பது இரண்டாவது சொல். மலையில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லோடு பிள்ளைக் காம்பராவும் நினைவுக்கு வரும். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு அங்கே ஆயாதான் எங்களுக்குச் சோறு ஊட்டுவார். தட்டு ஒன்று, பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். யாருக்கு எத்தனை வாய் என்று அவருக்குத் தெரியும். சின்னதுக்கு விரல் நுனியில் எடுப்பார், பெரியவனுக்குக் கை நிறைய உருட்டுவார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. நல்ல ஊட்டற் சுற்று (ஃபீட் சர்க்கிட்) செய்வதும் இந்த வேலையைத்தான்.

எக்ஸ்சேஞ்ச் பற்றரி 48 வோல்ட். அதன் நேர்முனையை நிலத்தோடு இணைத்திருப்பார்கள், அதனால் கம்பியில் இருப்பது மறை (மைனஸ்) 48. ஈர மண்ணில் புதைந்த செம்பு அரித்துப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வருடம் முழுக்க மழை பெய்யும் எங்கள் பக்கத்தில் இதன் அருமை நன்றாகவே விளங்கும். பழைய முறையில் பற்றரிக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 400 ஓம் தடை இருக்கும். பெரும்பாலும் அது ஒரு சுருள். நேரோட்டத்தை (ஒரே திசையில் ஓடும் பற்றரிக் கரண்டை) விடும், குரல் பற்றரிக்குள் ஓடி வீணாகாமல் மறிக்கும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி, மலை உச்சியில் ஒரு பங்களா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 மில்லிமீற்றர் செம்புக் கம்பி போகவும் வரவும் சேர்த்துக் கிலோமீற்றருக்குச் சுமார் 176 ஓம், ஆகவே 880 ஓம். டெலிபோனுக்கு ஒரு 200, சுருளுக்கு 400. 48 வோல்ட்டை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓட்டம் (கரண்ட்) 32 மில்லியம்பியர். பேச 20 இருந்தாலே போதும், எனவே அந்த பங்களா நன்றாகவே பேசும். இப்போது எக்ஸ்சேஞ்சுக்கு 200 மீற்றரில் இருக்கும் கடைவீதிக் கடையைப் பாருங்கள். கம்பி வெறும் 35 ஓம். ஓட்டம் 75 மில்லியம்பியரைத் தாண்டுகிறது. பற்றரியிலிருந்து 3.6 வாட் இறங்குகிறது, அதில் 2.3 வாட் எக்ஸ்சேஞ்ச் சுருளிலேயே சூடாகப் போய்விடுகிறது. கடைக்காரர் குரல் இதனால் ஒரு துளிகூடத் தெளிவாகாது. தூரத்துப் பிள்ளைக்காக அளந்த கவளத்தைப் பக்கத்துப் பிள்ளையின் வாயிலும் திணிக்கிற கதை.

இந்தச் சூட்டை நான் கையால் தொட்டிருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் மார்கழிக் குளிரில் என்னை உள்ளே கூட்டிப்போனார். வெளியே வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர், உள்ளே ரொட்டி போறணைப் பக்கம் போன மாதிரி இதமான சூடு. "தொட்டுப் பாருங்க தம்பி, இது முழுக்கப் பேசாத பேச்சு" என்று ஒரு சட்டத்தைக் காட்டினார்.

சிக்கனம் படிப்படியாக வந்தது. முதலாவது, சுருளுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்டர் வைத்து, கம்பி நீளமோ குட்டையோ, ஓட்டத்தை 25 மில்லியம்பியர் அளவில் நிறுத்துவது. கடையின் செலவு 3.6 வாட்டிலிருந்து 1.2 ஆகிறது. இதுவும் பாதிக் கிணறுதான். அந்தக் கடைக்கு வேண்டியது 6 வோல்ட், மீதி 42 வோல்ட்டை ட்ரான்சிஸ்டர் சூடாக்கித்தான் தீர்க்கிறது. அடுத்தது, 24 வோல்ட்டில் இரண்டாவது பற்றரி. ரிசீவரைத் தூக்கியதும் சுற்று கம்பியை அளக்கும். கிட்டத்துக் கம்பி என்றால் 24க்கு மாறிவிடும், செலவு 0.6 வாட். அதற்கும் மேலே போனது, பற்றரிக்கும் கம்பிக்கும் நடுவே விட்டுவிட்டு இயங்கும் ஒரு மாற்றியை வைத்து, அந்தந்தக் கம்பிக்கு வேண்டிய வோல்ட்டை மட்டும், குரலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, அப்போதைக்கப்போது உண்டாக்கிக் கொடுப்பது. ரிசீவர் கீழே இருக்கும் நேரத்தில் சுற்றின் பெரும்பகுதி உறங்கும். தூக்குகிறார்களா என்று பார்க்கும் சிறு பகுதி மட்டும் விழித்திருக்கும்.

இது ஒரு கம்பிக்கு மூன்று வாட் மிச்சம் என்பதோடு நிற்பதில்லை. 2022 மார்ச் கடைசி நாளில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்படிப்பட்ட நாளில் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதை இந்த வாட் கணக்குத்தான் தீர்மானிக்கும்.

சரி, பவர் சேவிங். இங்கே தமிழ்நாட்டு, இலங்கை வழக்குகள் இரண்டும் மோதுகின்றன. எங்கள் பாடப்புத்தகத்தில் பவர் என்றால் 'வலு'. முன்பு அமைச்சின் பெயரிலேயே 'மின்வலு' இருந்தது. தமிழ்நாட்டில் அது 'திறன்'. எங்களுக்குத் திறன் என்றால் ஆற்றுகிற கெட்டித்தனம், அவர்களுக்கு வலு என்றால் உடல் பலம். இதில் யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை, அடைப்புக்குள் மற்றதையும் போட்டால் போதும். ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். 'மின்னூட்டம்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் அதை நாங்கள் 'ஏற்றம்' என்று படித்த சார்ஜ் என்றே எடுத்துக்கொள்வார். அதனால் 'ஊட்டல்' என்று நிறுத்திக்கொள்வது நல்லது. 'ஊட்டி' என்று சுருக்கினால் நீலகிரி ஊர் முன்னால் வந்து நிற்கும்.

சேவிங் என்பதற்குச் 'சேமிப்பு' என்று போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேமிப்பது பற்றரியின் வேலை. இந்தச் சுற்று எதையும் எடுத்து வைப்பதில்லை, வேண்டாததைச் செலவழிக்காமல் இருக்கிறது. அதற்கு வீட்டுப் பெண்கள் வாயில் தினமும் புழங்கும் சொல் இருக்கிறது: சிக்கனம்.

ஆக, 'வலுச்சிக்கன ஊட்டற் சுற்று' (திறன் சிக்கன ஊட்டற் சுற்று). எந்தக் கம்பி என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் 'தொலைபேசிக் கம்பி' சேரும். ஊட்டல், சுற்று இரண்டும் சேரும்போது 'ஊட்டற்' என்று வரும், 'ஊட்டல்ச் சுற்று' என்று எழுதக் கூடாது.

இப்போது டவுனில் ஒளிநார் வந்துவிட்டது. கண்ணாடி நாரில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. அதனால் ஊட்டற் சுற்று எக்ஸ்சேஞ்சை விட்டு வீட்டுச் சுவரில் தொங்கும் சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் குடிவந்திருக்கிறது, சில மீற்றர் கம்பிக்கு மட்டும் ஊட்டுவதற்காக. போன வாரம் எங்கள் வீட்டில் கரண்ட் போனபோது பழைய ஞாபகத்தில் ரிசீவரைத் தூக்கினேன். சத்தமே இல்லை. பெட்டியில் சுற்று இருக்கிறது, அதற்குப் பின்னால் பற்றரி இல்லை.